மூன்றாம் நாள் படபடப்பு

ஆறாம் குமிழியில் ஒருவர் காய்ச்சலில் படுக்கப்போகிறார் என்பது, அவருக்கே தெரிவதற்கு முந்தின நாள் மாதங்கிக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாயின் புதுப்பொருநைக் குடியிருப்பில், காற்றடைத்த கண்ணாடிக் குமிழிகளுக்குள், நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். எல்லாருடைய தோளிலும், தோலுக்கடியில், நெல்லளவில் ஒரு தோள்மணி. நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உடல்சூட்டையும் அது நிமிடத்துக்கு ஒருமுறை நலப்பேரேடு என்னும் ஊர்க் கணினிக்குச் சொல்லும். பேரேடு பெயர்களை மறைத்துவிட்டு எண்களை மட்டும் படிக்கும். காப்பியை ஆற்றிக்கொண்டே ஊரின் உடம்பை ஒரு பார்வை பார்ப்பது, பேரேட்டைக் கவனிக்கும் மாதங்கியின் காலை வேலை.

அன்று திரை சிவப்பாக இருந்தது.

புயலோடு வரும் புழுதிக் காய்ச்சலுக்கான புதிய தடுப்பூசி போட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போட்டுக்கொண்டவர்களில் எட்டில் ஒருவருக்கு, மூன்றாம் நாள் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில், நாடி நூற்றிருபதைத் தாண்டியிருந்தது. ஒரு பெண் மயங்கியே விழுந்திருந்தாள். யாரும் புகார் எழுதவில்லை. எண்கள் எல்லை தாண்டியதும் பேரேடு தானாகவே எல்லா ஊசிக்கூடங்களையும் நிறுத்தி, காரணத்தை ஊர்ப்பலகையில் எழுதியும் விட்டது. எதையும் மறைக்கக்கூடாது என்பதுதான் அதற்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி.

மாதங்கிக்கு அதன்மேல் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. இன்று கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது. கணவன் இசக்கிராஜன் ஊசி போட்டு இன்றோடு மூன்றாம் நாள்.

"பன்னிரண்டு நாள்ல புழுதிப்புயல் வந்துரும்," என்றார் தலைமை மருத்துவர் பிரிசில்லா. "ஊசி வேலை செய்யவே பத்து நாள் ஆகும். போன புயல்ல அறுபத்திரண்டு பேரைப் பறிகொடுத்தோம். கெட்ட மருந்தப் போடவும் முடியாது, நல்ல மருந்த நிப்பாட்டவும் முடியாது. நாளைக்குக் காலையில எனக்குப் பதில் வேணும் மாதங்கி."

"ஏற்கனவே பத்துல நாலு பேரு ஊசியே வேண்டாங்காங்க டாக்டர். இனி யாரு வருவா?"

பிரிசில்லா புயல் வரைபடத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மாதங்கி நாள் முழுக்கத் தேடினாள். ஊசி போடாதவர்களுக்கு அந்த நேரத்தில் அப்படி ஏதும் இல்லை. எந்தத் தொகுதி மருந்தானாலும் ஒரே கதை. காலையில் போட்டவருக்கும் மாலையில் போட்டவருக்கும் படபடப்பு ஐந்து மணிக்கு மேல்தான். மருந்துக்கு மணி பார்க்கத் தெரியுமா? இன்னொன்றும் இடித்தது. பிராணவாயு ஆலை விடுதியில் தனியாகத் தங்கியிருந்த முந்நூறு பேரில் ஒருவருக்குக்கூட இது வரவில்லை.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு ஓடினாள். இசக்கிராஜன் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவன் தந்திருந்த அனுமதியில் அவள் மணிக்கட்டுத் தகடு அவனுடைய துடிப்பைக் காட்டியது. எழுபத்து நான்கு.

"என்ன, ஆபீஸ்ல இருந்து சோதனைக்கு வந்திருக்கீங்களா மேடம்?"

"பேசாம படுங்க. நாடி ஏறும்."

"நீ பக்கத்துல உக்காந்தாலும் ஏறுமே. அதையும் எழுதிக்கிடு."

அழைப்புமணி அடித்தது. அவனுடைய பெரியம்மா பேராச்சி, பின்னால் நான்கு உறவுக்காரப் பெண்கள், கையில் சுக்குவெந்நீர் பிளாஸ்க். ஊசி போட்ட வீட்டுக்கு மூன்றாம் நாள் மாலை வேலை முடிந்து விசாரிக்கப் போவது புதுப்பொருநை வழக்கம். போகாவிட்டால் அதுவே ஒரு பேச்சாகிவிடும்.

"ஏம்ல, மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"நல்லாத்தான இருக்கேன் பெரியம்ம."

"நாலாம் குமிழியில ஒருத்தன் இப்படித்தான் சொல்லிட்டிருந்தான். சொன்ன வாய மூடல, பேச்சு மூச்சக் காணும். தண்ணியத் தெளிச்சுல்லா எழுப்புனாவ."

தொண்ணூற்றெட்டு.

"நெஞ்சு படபடன்னு வருதால? வரும். ஒனக்கு இப்பம் தெரியாது."

நூற்றுப் பன்னிரண்டு.

"அது கெடக்கட்டும். கல்யாணமாகி எட்டு மாசமாச்சு. எப்பம்ல விசேஷம்?"

நூற்று முப்பத்தொன்று.

மாதங்கி தன் எண்ணைப் பார்த்தாள். முதல் ஆளாக ஊசி போட்டு ஏழு நாளான அவளுக்கும் நூற்றுப் பதினெட்டு. சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினாள். அங்கிருந்தே பிரிசில்லாவுக்குச் செய்தி அனுப்பினாள்: 'வீட்டுக் கதவுகளின் வருகைப் பதிவைப் பேரேட்டோடு பொருத்த வேண்டும். ஊர்மன்றத்தில் அனுமதி கேளுங்கள்.'

ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. அடுத்த கால்மணியில் பேரேடு பதில் சொன்னது. இரண்டு பேர் விசாரித்த வீட்டில் நாடி தொண்ணூறு. ஐந்து பேர் விசாரித்த வீட்டில் நூற்றிருபது. மயங்கி விழுந்த பெண்ணின் வீட்டுக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். யாரும் வராத வீட்டில் நாடி ஏறவே இல்லை.

மருந்து குற்றமற்றது. நிறுத்தியது ஏன், மறுபடி திறப்பது ஏன் என்று இரண்டையும் பேரேடு ஊர்ப்பலகையில் ஒளிவுமறைவின்றி எழுதியது. கீழே ஒரு பரிந்துரையும் சேர்த்திருந்தது: ஊசி போட்டவர்களுக்கு மூன்று நாள் 'விசாரிப்பு விலக்கு'. அதுவரை அவர்கள் வீட்டுக் கதவு உறவினர்களுக்குத் திறக்காது.

மறுநாள் காலை ஊசிக்கூடத்து வரிசை மூன்று குமிழிகளைச் சுற்றிவந்தது. ஊசியே வேண்டாம் என்றவர்கள் குடும்பத்தோடு நின்றார்கள். முதல் ஆள் பேராச்சி.

"நீங்களுமா பெரியம்ம?" என்றாள் மாதங்கி.

"மூணு நாளாவது கதவச் சாத்திட்டுக் கெடக்கேன் தாயி. ஒங்க எல்லார் வீட்டுக்கும் நடந்து நடந்து மூட்டே தேஞ்சுபோச்சு. போகலேன்னா ஏசுதீய."

இசக்கிராஜன் மனைவியின் காதில் கிசுகிசுத்தான். "அவசரப்பட்டு முன்னாலயே போட்டுக்கிட்டோமே!"

இரண்டே நாளில் ஊரில் ஊசி போடாதவர் ஒருவரும் இல்லை. புயல் வந்தது, சிவப்பாகச் சுழன்றது, போனது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. மாதங்கி திரையின்மேல் படிந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல.

எல்லாம் முடிந்தபின் பேரேடு வழக்கம்போல ஊராரிடம் ஒரு கேள்வி கேட்டது: 'இந்தத் தடுப்பூசி உங்களை எதிலிருந்து காத்தது?'

வந்து குவிந்த பதில்களில் புழுதிக் காய்ச்சலுக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது.