டிலோன் போட்ட ஒட்டு

குசினிக்குள் ரெசின் மணத்தது. அன்ரனிட்டா இறக்கிவைத்த மீன் சொதியிலும், வெயிலில் காய்ந்து அவன் உடுத்த சாரத்திலும், தலையணையிலும், படகுக்கு ஃபைபர் ஒட்டும் அந்த ரெசினின் மணம் இன்னும் காயாத ஈரத்தோடு நின்றது.

"எனக்கொண்டும் மணக்கேல்லை. உங்கட மூக்கையும் சேத்து ஒட்டிப்போட்டியள் போல," என்று புருசன் டிலோனிடம் சொல்லிவிட்டு அவள் கோயிலுக்குப் போனாள்.

ஊர்ப் பெடியன் மிரோஜன் ஓட்டிய சின்ன விமானம் நயினாதீவுக்கு அப்பால் கடலில் விழுந்த அன்றுதான் மணம் தொடங்கியது. அவன் உடல் இன்னும் கரைசேரவில்லை.

சுருவில் ஊரில் டிலோனைத் தெரியாதவர் இல்லை. ஓட்டைப் படகைக் கொடுத்தால் ஒரு கிழமையில் ஒட்டித் தருவான். ஓட்டைக் கதையென்றால் அன்றைக்கே. விமானக் காற்றாடியின் ஓர் அலகில் கல் அடித்து வெடிப்பு விழுந்தபோது, புதிதுதான் போடவேண்டும் என்றான் மிரோஜன்.

"படகும் ஃபைபர், இதுவும் ஃபைபர். கொண்டுவாரும்," என்றான் டிலோன், சந்தியில் நாலுபேர் கேட்க.

வீட்டில் வைத்து நாணயத்தால் தட்டினான். மற்ற இடமெல்லாம் கணீரென்றது. வெடிப்புக்குக் கீழே மட்டும் பொத்தென்றது. உள்ளே அடுக்குகள் கழன்றிருந்தன. சொல்லியிருக்கலாம். சந்தியில் அளந்த வாயைப் பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது? மேலே துணி வைத்து, ரெசின் தடவி, கறுப்புப் பெயின்ற் அடித்து, "கல்லுமாதிரி இருக்கு" என்று கொடுத்துவிட்டான்.

அன்ரனிட்டா போன கையோடு மிரோஜனின் தகப்பன் இராசநாயகம் வந்தார். சாக்கில் சுற்றிய ஒன்றைக் கதிரையில் வைத்தார். முறிந்த அலகு. வலையில் வந்ததாம்.

"தம்பி, என்ர பெடியன் குடிச்சுப்போட்டு பிளேன் ஓடினவன் எண்டு ஊர் கதைக்குது. பூசைக்குப் போக ஏலாமக் கிடக்கு. நீர்தான் சொல்லவேணும். இதில பிழை ஏதும் இருந்ததோ?"

அந்தக் குடிக் கதை எந்த வாயில் புறப்பட்டதென்று ஊர் விசாரிக்கவில்லை. அந்த வாய்தான் இப்போது பதில் சொன்னது.

"இல்லை ஐயா. என்ர ஒட்டில ஒரு பிழையும் இல்லை."

"அப்ப பெடியன்ர பிழைதான்," என்றார் கிழவர். அலகை விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

காற்று நின்றிருந்தது. ஒரு பனையோலைகூட அசையாத அந்தக் கருக்கலில், மணம் மட்டும் தடித்துத் தடித்து நாக்கில் படிந்து, தொண்டைக்குள் இறங்கி, விழுங்கவும் துப்பவும் விடாமல் ஒட்டிக்கொண்டது. இப்போது அது சாக்கிலிருந்துதான் வந்தது.

பிரித்தான்.

ஒட்டுக்குப் பக்கத்தில் அலகு பிளந்திருந்தது. ஒட்டு மட்டும் அப்படியே. விரலால் தொட்டான். ஈரம். இத்தனை நாள் கடலில் கிடந்தும் இளஞ்சூடு.

விரலை எடுக்க வரவில்லை. இழுத்தான். ஒட்டியிருந்தது.

துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஒரு புடைப்பு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னும் மூன்று.

ஒரு விரல் தடிப்புக்கூட இல்லாத அந்த அலகின் உள்ளேயிருந்து ஐந்து விரல் நுனிகள் துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பின. நகங்கள் தெரிந்தன. தடவித் தடவி வந்து, டிலோனின் விரலைப் பிடித்தன.