நடுவில் விட்ட இடம்

ஷிப்டு முடிகிற சாயங்காலத்தில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நிற்கவே இடம் கிடைக்காது. அப்படிப்பட்ட பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு மட்டும் ஆளில்லாமல் கிடந்தால், சும்மாவா கிடக்கும்? மெர்சிக்கு அது உறைக்கவில்லை. பகலெல்லாம் மெஷின் முன்னால் நின்ற கால், உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சியது. பெஞ்சின் நடுவில் மட்டும் ஈரம். மேலே கூரை ஒழுகவில்லை. துப்பட்டாவால் துடைத்துவிட்டு, கம்பெனி காப்பகத்திலிருந்து கூட்டிவந்த மகள் ஜெபாவை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்த ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றுதான். சோழவரத்தை விட்டு ஆரம்பாக்கத்துக்குக் குடிவந்ததே அதை வளர்க்கத்தான்.

மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆலைப் புகையும் ஈரச் சட்டைகளும் யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து நாறிய காற்றில், எல்லாவற்றுக்கும் அடியில், பாழுங்கிணற்றுத் தண்ணீரின் வாடை ஒன்று மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது.

சூளூர்ப்பேட்டைக்குப் போகிற கொய்யாக்காரி ஒருத்தி கூடையோடு எதிரில் வந்து நின்றாள். பாவம், உட்காரட்டும் என்று மெர்சி பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

“ஒத்தம்மா... ஒத்து,” என்றாள் அவள்.

சோழவரத்துக்காரிக்கு ‘ஒத்து’ என்றால் தள்ளி உட்கார் என்றுதான் அர்த்தம். பஸ்ஸில் காலமெல்லாம் கேட்ட சொல். “எடம் கீது, உக்காருங்க,” என்று ஜெபாவை அந்த ஓரத்துக்குத் தள்ளி, தான் இந்த ஓரத்துக்கு நகர்ந்து, நடுவில் தட்டிக் காட்டினாள்.

கொய்யாக்காரியின் முகம் வெளுத்துப்போனது. கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

தூணோரம் நின்றிருந்தார் அரசப்பன். மெர்சியின் கம்பெனி வேன் டிரைவர், ஆந்திரா பக்கம் தடாக்காரர்.

“ஏம்மா, அது தெலுங்குல சொல்லிச்சு. ஒத்துன்னா வேணாம்னு அர்த்தம். அங்க எடம் வுடாதன்னுச்சு.”

“யாருக்குண்ணே?”

அவர் நடுவிலிருந்த இடத்தைப் பார்த்தபடியே பின்னால் போனார்.

துடைத்த இடத்தில் மறுபடி ஈரம். மெர்சியின் இடது தொடை ஜில்லிட்டது. ஜெபா தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்தக் காலி இடத்தைப் பார்த்து, “உன் பேரு இன்னா?” என்று கேட்டது.

மெர்சி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அந்த நேரம் பார்த்து வண்டி ஊதியது. கரண்ட் போனது. கும்மிருட்டு. பக்கத்திலிருந்த பிஞ்சுக் கையைச் சட்டென்று பற்றினாள். இழுத்தாள். ஓடினாள். இடி. தள்ளுமுள்ளு. ஏறிவிட்டாள். பெட்டிக்குள்ளும் விளக்கு இல்லை. கூட்டம் அவளை உள்ளே நெட்டி ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிள்ளையை மடியில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஸ்தோத்திரம் ஏசப்பா. தப்பித்தோம். மழையில் நனைந்து பிள்ளை ஜில்லென்றிருந்தது.

வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தில் விளக்கு வந்தது.

பெஞ்சு தெரிந்தது. அதன் அந்த ஓரத்தில், அவள் தள்ளி உட்கார வைத்த அதே இடத்தில், ஜெபா. வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. இரண்டு கையையும் வண்டியை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

மெர்சி எழப் பார்த்தாள். முடியவில்லை. மடி கனத்தது.

வண்டி வேகம் பிடித்தது. மடியிலிருந்தது முகத்தைத் திருப்பாமலே, இரண்டு ஈரக் கைகளையும் பின்பக்கமாக மடக்கிக் கொண்டுவந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.