ரிலே சத்தம்

எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக். கொஞ்சம் பொறுத்து, டக், டக்.

முகமது ரியாஸ் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தான். பேட்டரியிலிருந்து கிளம்பும் தடித்த சிவப்பு வயரை அதன் வாய் கவ்விக்கொண்டிருந்தது. திரையில் சைபர். ஃபேன் ஓடவில்லை, லைட் எரியவில்லை, ஒரு செல்போன் சார்ஜர்கூடச் சொருகியிருக்கவில்லை. ஏழு வருடம் ஷார்ஜாவில் கேரவன் வண்டிகளுக்கு வயரிங் செய்து பிழைத்தவன் அவன். கரண்ட் போகாத இடத்தில் எதுவும் தானாகத் தட்டாது என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் தட்டியது.

சிங்காநல்லூரில், குளத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தகரக் கொட்டகையின் மேல் ஐப்பசி மழை மதியத்திலிருந்து ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரை அழுகிய வாடையும், காலையில் வெல்டிங் வைத்த இரும்பின் வாடையும், புதுப் பிளைவுட்டின் பசை வாடையும் ஒன்றாகக் கலந்து வண்டிக்குள் நின்றன. மணி ஐந்துதான் ஆகியிருந்தது, ஆனால் கொட்டகைக்குள் இப்போதே இருட்டு கட்டிவிட்டது.

வண்டி என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற ஒரு சின்னப் பெட்டிவீடு. இரண்டு பேர் படுக்கலாம், ஒரு ஓரத்தில் டீ வைத்துக்கொள்ளலாம். கூரையில் இரண்டு சோலார் பலகை, உள்ளே லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், தலைமாட்டில் படிக்க ஒரு குட்டி விளக்கு. ரியாஸ் ஒவ்வொரு வயரையும் தன் கையால் இழுத்து, நுனியில் சீட்டு ஒட்டியிருந்தான். இதைக் கேட்டவள் அவன் மனைவி உஸ்மா. அங்கே யார் யாருக்கோ வண்டி கட்டுகிறீர்களே, நமக்கு ஒன்று கட்டக் கூடாதா என்று வீடியோ காலில் அவள் கேட்காத வாரமில்லை. அவள் இறந்து இரண்டு வருடமாகிவிட்டது. நாளைக் காலை ஒன்பது வயது மகள் ரிஃபத்தைக் கூட்டிக்கொண்டு அவன் ஆழியாறு போகிறான். அந்தக் கட்டிலில்தான் அவள் படுக்கப்போகிறாள்.

அதனால்தான் இந்தச் சத்தம் இன்றைக்கே தீர வேண்டும்.

முந்தாநாள் ரிஃபத் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு பலகையில் காதை வைத்திருந்தாள். "அத்தா, நான் ரெண்டு தட்டு தட்டுனா கீழயும் ரெண்டு தட்டுறாங்க," என்றாள். ரியாஸ் சிரித்தான். வாசலில் நின்ற சஹீர் சிரிக்கவில்லை. அது குளிர்பெட்டியின் ரிலே, மோட்டார் ஓடத் தொடங்கும்போது 'டக்' என்று விழுகிற சின்னச் சாமான் என்று சொல்லி, அவளைக் கையைப் பிடித்து இறக்கி, மிட்டாய் வாங்கித் தரக் கூட்டிப்போய்விட்டான்.

சஹீர் உஸ்மாவின் தம்பி. கொட்டகை அவனுடையது, வெல்டிங் அவனுடையது. அக்கா போன பிறகு ரிஃபத்தை ஒரு வருடம் தன் வீட்டில் வைத்து வளர்த்தவன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ரியாஸ் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். இந்த வண்டியில் ரியாஸின் கைபடாத ஒரே சாமான் அந்தக் குளிர்பெட்டிதான். தென்னைநார் மெத்தை வாங்க அவன் பொள்ளாச்சி போயிருந்த இரண்டு நாளில் சஹீர் அதைக் கட்டிலுக்கு அடியில் இறக்கி, சுற்றிலும் பிளைவுட் அடித்து முடித்திருந்தான். கால்மாட்டில் ஒரு சின்னக் கதவு மட்டும் வெளியே தெரியும். தண்ணீர் பாட்டிலும் பாலும் வைத்துக்கொள்ளலாம். ஐஸ்கிரீம் கடை ஒன்றை மூடினார்கள், சல்லிசாக வந்தது என்றான். ரியாஸ் வயரை மட்டும் கொடுத்தான்.

டக்.

அவன் ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினான். பேட்டரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து கொட்டகைத் தரையில் வைத்தான். சோலார் வயரையும் உருவினான். இப்போது அந்த வண்டி வெறும் பலகையும் தகரமும்தான். உள்ளே திரும்பி மண்டியிட்டுக் காத்திருந்தான். மழைச் சத்தம். தன்னுடைய மூச்சு. ஃபேனின் இறக்கை காற்றில் லேசாக அசைகிற கிறீச்சு.

டக், டக்.

சஹீர் இரண்டு கையிலும் டீக் கோப்பையோடு வாசலில் நின்றான். ரியாஸ் தரையில் இருந்த பேட்டரியைக் காட்டினான். சஹீர் பேட்டரியைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். கட்டில் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"பழைய ரிலேங்க மச்சான். அதுக்கு அப்படி ஒரு பழக்கம். அன்னிக்குக்கூட மூணு மணி வரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. அப்பறம் தானா நின்னுபோச்சு."

"என்னிக்கு?"

கோப்பையிலிருந்த டீ தளும்பி சஹீரின் விரல் மேல் வழிந்தது. சுட்டிருக்கும். அவன் கையை உதறவில்லை.

ரியாஸுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டாம் வேண்டாம் என்று மனம் இழுக்க இழுக்க, புரியத் தொடங்கியது. சஹீருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. இறந்தவரின் மையத்தை அடக்கம் செய்யும்வரை வீட்டில் வைத்திருக்கிற கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பாக்ஸ் ஒன்றை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். உஸ்மாவுக்கு இழுப்பு வந்து சாயங்காலம் மூச்சு நின்றபோது, பக்கத்துத் தெருக் கம்பவுண்டர் கையைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வழக்கமாக அன்றைக்கே அடக்கம் செய்திருப்பார்கள். ஆனால் ஷார்ஜாவிலிருந்து புருஷன் வந்து முகம் பார்க்க வேண்டுமே. விடிந்துதான் விமானம். அதனால் கோட்டைமேட்டு வீட்டுக் கூடத்தில் சஹீரின் பெட்டியில் அவளை வைத்தார்கள். அழுது ஓய்ந்த பெண்கள் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தார்கள். சஹீர் மட்டும் தனியாக உட்கார்ந்து விழித்திருந்தான்.

அன்று ராத்திரி பன்னிரண்டுக்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லும்வரை கரண்ட் வரவில்லை. அதுவும் சஹீர் சொன்னதுதான். ஐஸ் கட்டி வாங்கிவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கி அக்காவைக் காப்பாற்றி வைத்தேன் மச்சான் என்று அவன் பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் ரியாஸ் அவன் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறான்.

மூணு மணி வரைக்கும் தட்டியது.

கரண்ட் போனது பன்னிரண்டுக்கு.

மறுநாள் உஸ்மாவின் உடலைக் குளிப்பாட்டிய பக்ருன்னிசா, ரியாஸைத் தனியாகக் கூப்பிட்டு, "வலது கை விரல் முட்டியெல்லாம் கன்னிப்போயிருந்துச்சு கண்ணு," என்றாள். தூக்கி வைக்கும்போது இடித்துவிட்டது என்றான் சஹீர். இடித்திருக்கும் என்று ரியாஸும் நம்பினான். நம்பாமலிருக்க என்ன காரணம்? அவள் தம்பி அல்லவா.

ரியாஸ் ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"வேண்டாங்க மச்சான்," என்றான் சஹீர்.

ரியாஸ் மெத்தையைத் தூக்கி வெளியே எறிந்தான். பலகையில் பதினாறு ஸ்குரூ. இத்தனை சின்னக் கட்டிலுக்கு நாலு போதும். பதினாறு போட்டிருக்கிறான் என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒவ்வொன்றும் தரையில் விழுந்து உருண்டது. கை வியர்த்து வழுக்கியது. ஆறாவது ஸ்குரூவில், அடியில் அவன் கைக்கு நேர் கீழே, டக்.

அவன் நிறுத்தினான். அதுவும் நிறுத்தியது.

மறுபடி திருகினான். மெதுவாக ஒரு தட்டு. பிறகு அவசரமாக மூன்று.

பதினாறும் கழன்றதும் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பலகையைத் தூக்கினான். அடியில் ஐஸ்கிரீம் பெட்டி இல்லை. ஆள் நீளத்துக்குக் கண்ணாடி. ஓரங்களில் புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட். வலது மூலையில் கண்ணாடி சில்லு பெயர்ந்திருந்தது. அவன் ஆள்காட்டி விரல் தானாக அந்த இடத்துக்குப் போனது. அதே விரல். இரண்டு வருடத்துக்கு முன்னால் விமானத்திலிருந்து நேராக வந்து அவள் முகத்தின் மேல் குனிந்தபோது அந்த மூலைதான் அவன் விரலைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. விரல் மூலையில் சரியாகப் பொருந்தி நின்றது.

அவளைக் கிடத்திய பெட்டி. அதன் மேல் ரிஃபத்துக்குக் கட்டில்.

"வேற எங்கயும் வைக்க முடியலைங்க," என்றான் சஹீர். வாசலிலேயே நின்றான். குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. "வாடகைக்குக் குடுத்தா திருப்பிக் கொண்டாந்து போட்டுடறாங்க. தட்டுதுங்கறாங்க. பழைய இரும்புக்காரனும் எடுக்கலை. ஊட்டுல வெச்சா தூக்கமில்லைங்க. நீங்க பக்கத்துல இருந்தா நின்னுபோயிடும்னு நெனச்சேன். புள்ள சத்தம் கேட்டா நின்னுபோயிடும்னு."

"அன்னிக்கு நீ தொறந்து பாக்கலையா?" ரியாஸின் குரல் அவனுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"மையத்து தட்டுதுன்னு பயந்துட்டேனுங்க."

மழை கொஞ்சம் குறைந்தது. குறைந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"மையத்து எந்திரிச்சா ஊட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்கல்லங்க மச்சான். ஒரே இருட்டு. மூடி கொஞ்சம் கொஞ்சமா மேல வருது. நான் அதும்மேல ஏறி உக்காந்துட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன். மூணு மணிக்கு நின்னுபோச்சு. அதுக்கப்பறந்தான், வெடிஞ்சு, அக்கா கையைப் பாத்தப்பறந்தான்..."

இரண்டு வருடம். ரிஃபத்துக்குச் சோறு ஊட்டிய கை. தான் சாய்ந்து அழுத தோள். அழுதபோதெல்லாம் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ரியாஸுக்கு அவனை அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது, அதற்கும் முன்னால் உஸ்மாவின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. இரண்டும் நடக்கவில்லை. டார்ச் வெளிச்சம் கண்ணாடியின் மேல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஸ்டீல் தட்டு. வெறும் தட்டு.

தலைமாட்டில், கண்ணாடியில், காசளவுக்குப் புகை படிந்தது.

மழை ஈரம் என்று நினைத்தான். சட்டைக் கையால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான்.

உள்பக்கம்.

காலையிலிருந்து அந்தப் பெட்டிக்குக் கரண்டே கொடுக்கவில்லை. குளிர் இல்லை. பனி பிடிக்க வழியே இல்லை. அது உள்ளங்கை அளவுக்குப் படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது. அதன் நடுவே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நாலு சின்ன வட்டங்கள் தெளிந்தன. விரல் முட்டிகள்.

டக்.

மூடி ஒரு நூல் அளவு மேலே எழுந்தது.

ரியாஸுக்கு முன்னால் சஹீர் பாய்ந்தான். டீக் கோப்பைகள் வாசலில் உருண்டன. செருப்போடு கட்டில் சட்டத்தில் கால் வைத்து ஏறி, கண்ணாடி மூடியின் மேல் உட்கார்ந்தான். சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பழகிய உடம்பு. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"கொஞ்ச நேரந்தானுங்க மச்சான். மூணு மணிக்கு நின்னுபோயிடும்."

அப்போது மணி ஆறு.

சஹீர் ஒல்லியானவன். தள்ளிவிட ஒரு கை போதும். தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினால் போதும். அன்றைக்கு இவன் செய்யாததை இன்றைக்கு நான் செய்யலாம், செய்ய வேண்டும், அவள் என் உஸ்மா. ரியாஸ் தன் கைக்குச் சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். கை எழவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளிருந்து எழுந்து உட்காரப்போவது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அவனுக்கும் பயமாக இருந்தது.

டார்ச் வாயிலிருந்து நழுவிக் கண்ணாடியின் மேல் விழுந்தது. சஹீரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒளி பரவியது. கீழே தட்டுவது கேட்டது. அவசரமாக, பல தடவை. பிறகு விட்டுவிட்டு. பிறகு இரண்டே இரண்டு.

கண்ணாடியின் உள்பக்கத்தில் மூச்சுப் படர்ந்தது. சுருங்கியது. வெகுநேரம் கழித்து மறுபடி படர்ந்தது. இந்தத் தடவை முன்னைவிடச் சின்னதாக.