மெத்தைச் சூடு

மெத்தை சூடாக இருந்தது.

கடலோரப் பாறைகளில் ஐந்து மணி நேரம் நடந்துவிட்டு, நனைந்த சாக்ஸோடு பிக்கப் வண்டியின் பின்கூண்டுக்குள் தவழ்ந்து ஏறியவள் கையை ஊன்றியதுமே அதை உணர்ந்தாள். குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். நெற்றியில் கை வைத்தே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். இது வெயில் சூடு இல்லை. மூன்று நாளாக வெயில் ஏது? ஆள் படுத்து எழுந்த சூடு.

"இங்க வந்து தொட்டுப் பாருங்க."

"ஆரம்பிச்சிட்டியா பட்டு?" கணவன் வெளியே நின்று ஷூவிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். "நேத்து தலையணை ஈரம்னே. இன்னிக்கு மெத்தை சூடா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். பழைய பிக்கப்பை வாங்கி, பின்னால் ஃபைபர் கூண்டு மாட்டி, ஓட்டல் ரூமே தோத்துப்போகும் என்று சொல்லி அழைத்து வந்திருந்தான். உட்கார்ந்தால் தலை இடித்தது. கூரையில் வேர்த்த நீர் கழுத்தில் சொட்டியது. பின்கதவுக்குக் கொண்டி வெளியில் மட்டும்தான். உள்ளேயும் ஒன்று வைக்கச் சொல்லி அவள் கேட்டு ஒரு மாதமாகிறது.

"நான் வீட்டுக்குப் போகணும்."

"பனி விலகட்டும். பத்தடி தள்ளி ரோடு தெரியல."

"உங்களுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?"

அவன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு, கதவை ஒருக்களித்துவிட்டு, வரிசையாக நின்ற மற்ற வண்டிகளைத் தாண்டிக் குழாயடிக்குப் போனான்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் கூண்டுக்குள் சாம்பல் நிற இருட்டு. கூண்டின் பக்க ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக் கம்பளியை இழுத்துக்கொண்டாள். ஈரக் கம்பளியின் முடைநாற்றம், டீசல், அழுகிய கடற்பாசி, இவற்றுக்கெல்லாம் அடியில் வெகுநாள் திறக்காத அலமாரியின் வாடை. பனிக்கு அப்பால் அலை ஒன்று எழுந்து, உடைந்து, கூழாங்கற்களைக் கரகரவென்று பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

பின்பக்கம் வண்டி அமுங்கியது. ஸ்பிரிங் முனகியது. அவள் முதுகுப் பக்கமாக மெத்தை சரிந்தது.

அவள் திரும்பவில்லை. முகம் கொடுக்கப் பிடிக்கவில்லை.

"ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்டிருக்கீங்களா? வருஷத்துக்கு ஒரு லீவு. அதையும் இந்த டப்பாக்குள்ள முடங்கிக் கழிக்கணுமா?"

அவள் நிறுத்தவில்லை. கல்யாணமான புதிதில் அவன் மறந்த பிறந்தநாளில் தொடங்கி, இந்த வண்டி வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். முதல் தடவையாகக் குறுக்கே பேசாமல் கேட்டான். அதுவே அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

பிடரியில் மூச்சுச் சத்தம். உள்ளே இழுத்தது.

மறுபடி இழுத்தது.

மறுபடியும். வெளியே விடவே இல்லை.

அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தான். கேனின் பாரத்தில் ஒரு தோள் சாய்ந்திருந்தது.

கை அசையவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பின்கதவு திறந்தது. அவள் தலையை மட்டும் நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் படுத்திருந்ததைப் பார்த்தான். சட்டென்று கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சுக்கங்க. வண்டி மாறிடுச்சு."

கதவு சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது.

கண்ணாடிக்கு வெளியே அவன் முதுகு வெளுத்தது. கரைந்தது.

"பட்டு! ஏய் பட்டு! எங்க இருக்க? குரல் குடு!"

அந்தச் சத்தம் அலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தாள். சூடான உள்ளங்கை ஒன்று அதை மெதுவாகப் பொத்தியது.

அதன்மேல் இன்னொன்று.

அதன்மேல் இன்னொன்று.