பன்னிரண்டாவது படம்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆவடி திரைமன்றத்தில் எங்களுக்கு மூன்று இருக்கைகள். நடுவில் மகள் நறுமுகை. அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் கணவர் தணிகைவேல். உட்கார்ந்ததும் ஊழியர் வந்து எங்கள் விலாவைச் சுற்றிச் சிரிப்புமானிப் பட்டையைக் கட்டுவார். பிறகு ஆளுக்கொரு பாப்கார்ன் பொட்டலம் கொடுப்பார். பதினோரு வாரமாக இதுதான் வழக்கம். இன்று கடைசிப் படம்.

சட்டம் எளிமையானது: சேர்ந்து சிரிக்கும் குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. விவாகரத்து கேட்பவர்கள் பிள்ளைகளோடு பன்னிரண்டு குடும்ப சாகசப் படங்கள் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டால் மனு தள்ளுபடி. மூன்று வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. நடிப்புச் சிரிப்பு மானியிடம் செல்லாது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாலும் அது விடாது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அந்தப் படங்களிடமிருந்து யார் தப்ப முடியும்? அப்பாவின் அசட்டுத்தனத்தால் காட்டில் வழி தவறும், கயிறு அறும், கீழே சொல்லிவைத்தாற்போல் வைக்கோல் போர் இருக்கும். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சாக மாட்டார்கள். சின்ன வயதில் நானும் அவற்றுக்காக உயிரை விட்டவள்தான். இப்போது கதைப்பொறி அந்தந்தக் குடும்பத்தின் முகங்களையே வைத்து வாராவாரம் புதுப்படம் செய்கிறது.

மனு போட்டவள் நான்தான். தணிகை கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எதையும் விளையாட்டாக்கிவிடுவார், அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன் எங்கள் இரண்டாவது குழந்தை இறந்தே பிறந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி என் கட்டிலைச் சுற்றி நடந்து காட்டினார். நான் சிரித்துவிட்டேன். வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக அவரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை, என்னையும் முடியவில்லை. அதன்பின் அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. நான் வாயெடுத்தால் அவரிடமிருந்து ஒரு ஜோக் வரும்.

ஆறாவது வாரம், பஸ்ஸில் திரும்பும்போது நறுமுகை கேட்டாள். "எப்படிம்மா சிரிக்காம இருக்கீங்க? அந்த யானை வந்தப்பகூட?"

எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "தம்பிப் பாப்பாவ நினைச்சுக்குவேன்."

ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்கிற பதிலா அது? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வாரமும் வழக்கம்போல விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் மறந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது படத்தில் நாங்கள் மூவரும் ஒரு பரிசலில், கூடவே ஒரு எருமை. துடுப்பு ஆற்றோடு போய்விட்டது. தணிகை சோற்றுக் கரண்டியால் தண்ணீரைத் துழாவினார். நான் வழக்கம்போல மனசுக்குள் ஆஸ்பத்திரியின் அந்த மூன்றாம் நாளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எருமை எழுந்தால் பரிசல் கவிழும். அதைப் பராக்குக் காட்டி உட்கார வைக்க, திரையில் இருந்த தணிகை துண்டை முக்காடு போட்டுக்கொண்டு இடுப்பை ஆட்டி நடந்தார்.

கதைப்பொறிக்கு அது எங்கிருந்து கிடைத்தது? ஆஸ்பத்திரி கேமராவிலிருந்துதான் இருக்க வேண்டும். நான் ஒளிந்துகொள்ளும் இடத்திலும் அதே துண்டு, அதே நடை. எருமை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிரித்துவிட்டேன். தணிகையும் சிரித்தார். என் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்கச் சகிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். போச்சு, இன்னும் மூன்று வருடம் என்று நினைத்தேன்.

விளக்கு எரிந்தது. ஊழியர் பட்டைகளை அவிழ்த்தபடி சொன்னார். "மனு ஏத்துக்கிட்டாச்சு மேடம். கூட்டுச்சிரிப்பு ஒண்ணும் பதிவாகல."

"சிரிச்சோமே சார்," என்றார் தணிகை.

"ரெண்டு பேர்தான் சிரிச்சிருக்கீங்க."

நறுமுகை பாப்கார்னைத் தொடவே இல்லை. வராந்தாவில் தணிகை அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அப்பா ஆடுனது பிடிக்கலயாடா?"

"ரொம்பப் பிடிச்சுது."

"பின்ன ஏன் சிரிக்கல?"

"அம்மா சிரிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுது. நானும் சிரிச்சா அவங்க மாட்டிக்குவாங்க. அதான், அம்மா மாதிரியே தம்பிப் பாப்பாவ நினைச்சுக்கிட்டேன்."

தணிகை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நாலு வருடமாக நான் காத்திருந்தது அந்த மௌனத்துக்குத்தான். அது வந்தபோது எனக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

நறுமுகை என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுல்லம்மா? அதனால என் மூஞ்சியையே வெச்சு நினைச்சுக்கிட்டேன். சரிதானே?"