சங்கு ஊதலாமா?

மரப்பெட்டி அலறியது!

ஒரு போன் இல்லை... இரண்டு போன் இல்லை... பெட்டிக்குள் கிடந்த அத்தனை போன்களும் ஒன்றாகச் சேர்ந்து அலறின!

சிவகாசிப் பக்கம், ஆனைக்குட்டம் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே அந்தப் பட்டாசு ஆலை. வாசலில் வாட்ச்மேன் கூண்டு. கூண்டுக்குள் அந்தப் பெட்டி. ஆலைக்குள் போன் கூடாது என்பது சட்டம். வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே வெடித்துவிட்டது என்ற செய்தி பரவியதும், ஊர் மொத்தமும் தன் ஆட்களுக்குப் போன் போட்டது.

எடுக்கத்தான் ஆள் இல்லை.

சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, யார் வீட்டுக் குழந்தையோ 'அப்பா... அப்பா...' என்று கூப்பிடும் குரல்... எல்லாம் கலந்து பெட்டி நடுங்கியது.

சுகிர்தா ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வயது இருபத்தெட்டு. விருதுநகரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கம்பெனிகளுக்கு மொபைல் செயலி செய்து கொடுக்கிறவள். இந்த ஆலைக்கும் அவள்தான் செய்து கொடுத்திருந்தாள்.

"யாருண்ணே... யாருக்கு என்ன ஆச்சு?"

வாட்ச்மேன் சங்கிலிமுத்துவின் புருவம் கருகியிருந்தது.

"முனியராஜ் மட்டுந்தான் போயிட்டான் தாயி. வெடிமருந்து ரூம்ல தனியா இருந்தான். மத்தவுக எல்லாம் சத்தங் கேட்டதும் பின்பக்கமா ஓடிட்டாக."

"சத்தத்துக்கு முன்னாடி சங்கு ஊதியிருக்கணுமே!"

"எந்தச் சங்கு?"

"நான் மாட்டிக் கொடுத்த சங்குண்ணே! மருந்து ரூம்ல சூடு ஏறினா ஊதுமே!"

"அதா..." சங்கிலிமுத்து கூரை விளிம்பில் இருந்த சிவப்புக் குழாயைப் பார்த்தார். "மாட்டின அன்னிக்கு ஊதுச்சு. அதோட சரி. இன்னிக்கு வாயே தொறக்கல."

சுகிர்தா அந்தக் குழாயையே அண்ணாந்து பார்த்தாள்.

ஈரம் பட்ட வெடிமருந்து உடனே வெடிக்காது. உள்ளுக்குள்ளேயே புழுங்கி, சூடேறி, பிறகுதான் சீறும். அதற்குள் ஒரு மனுஷன் தாராளமாக ஓடித் தப்பிக்கலாம். அதற்காகத்தானே அந்தச் சங்கு!

"நீதான தாயி சங்கு மாட்டின பிள்ளை?"

பின்னால் ஒரு குரல்.

முனியராஜின் மனைவி மாரித்தாய். அதே ஆலையில் திரி வெட்டுகிறவள். கை முழுக்கக் கருந்தூள். அழவில்லை. அழுதிருந்தால் சுகிர்தாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இவுக எம்புட்டுச் சந்தோசப்பட்டாக தெரியுமா? 'இனிமே பயமில்ல மாரி, நம்மளப் பாத்துக்கிட ஒரு சங்கு வந்துருச்சு'ன்னாக. அது ஏன் ஊதல?"

"தெரியல அக்கா..."

"தெரிஞ்சிட்டு வந்து சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். யாரு ஊத விடலைன்னு மட்டும் சொல்லு."

*

இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியன் ஆலை ஆபீஸில் உட்கார்ந்து ஒரு போனை உருட்டிக்கொண்டிருந்தார். ஆலை முதலாளி வெள்ளைத்துரையின் போன்.

"நீங்கதான் இந்த ஆப் செஞ்ச ஆளா? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. நான் கொஞ்சம் மக்கு."

"கேட் வருகை, சரக்கு, ஆர்டர், லாரி லோடு... இது எல்லாத்துக்கும் முன்னாடி தனித்தனியா ஆப் இருந்துச்சு சார். எல்லாத்தையும் ஒண்ணாத் தச்சு ஒரே ஆப் ஆக்கினேன். மருந்து ரூம் சூடு பாக்கிற கருவியையும் அதுல சேர்த்தேன்."

"சூடு ஏறினா சங்கு ஊதும்?"

"இல்ல சார். முதல்ல முதலாளி அண்ணாச்சி போனுக்குக் கேள்வி போகும். 'சங்கு ஊதலாமா?'ன்னு. அவுங்க 'சரி'ன்னு அமுக்கினா ஊதும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"தீப்பிடிக்கப் போகுதுன்னு சொல்றதுக்குப் பெர்மிஷனா?"

"நாந்தான் சார் அப்படிச் செய்யச் சொன்னேன்!" மூலையில் நின்ற வெள்ளைத்துரை முன்னால் வந்தார். நெற்றியில் இன்னும் விபூதி. "சங்கு ஊதினா ஆளுக அம்புட்டும் வெளிய ஓடிரும். சீசன் நேரம். என்னையக் கேக்காம இங்கன ஒரு லாரி நகராது. சங்கு மட்டும் தன்னால ஊதலாமா?"

"அப்ப இது என்ன அண்ணாச்சி?"

இன்ஸ்பெக்டர் போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் கொட்டை எழுத்து.

*சங்கு ஊதலாமா? பதில்: வேண்டாம். மறுத்தவர்: வெள்ளைத்துரை.*

"ஐயோ... நான் அமுக்கல சார்! நான் கோயில்ல கும்பிட்டுக்கிட்டு நின்னேன்! போன் எங்கிட்டயே இல்ல!"

"யார்ட்ட இருந்துச்சு?"

வெள்ளைத்துரையின் கண்கள் ஒரு கணம் பக்கத்தில் நின்ற இளைஞனிடம் போயின. மணிகண்டராஜ். தங்கை மகன். பளிச்சென்ற சட்டை. வாரிய தலை கலையவில்லை.

கண்கள் உடனே திரும்பிவிட்டன.

"கார்ல... சும்மா கார்ல கிடந்துச்சு."

"கார் அமுக்கிச்சா?" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "நடங்க அண்ணாச்சி. வெளிய ஜனம் கல்லெடுக்கிறதுக்குள்ள ஜீப்ல ஏறிருங்க."

இன்ஸ்பெக்டர் எதையும் கவனிக்கவில்லை.

சுகிர்தா கவனித்தாள். அந்த ஒரு கணப் பார்வையை!

*

விருதுநகர் மாடி அறை. மின்விசிறி கிறீச்சிட்டது.

சுகிர்தா தான் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். 'வேண்டாம்' என்ற பதில் போனிலிருந்து வந்ததா, இல்லையா? யாராவது விரலால் அமுக்கியிருந்தால் அதற்கு ஒரு தடம் இருக்க வேண்டும்.

தடம் இல்லை.

அப்படியென்றால்... வேண்டாம் என்று சொன்னது யார்?

இன்னும் கீழே போனாள்.

கை நின்றது.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு அவள் முன்பு ஒரு செயலி செய்திருந்தாள். வெளியூர் ஏஜெண்டு தள்ளுபடி கேட்டால், கேள்வி முதலாளி போனுக்குப் போகும். அந்த முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்: 'எங்க ஊர் ஏவாரத்துல மொதலாளி பேசாம இருந்தா, இல்லைன்னு அர்த்தம்மா. அதையும் உள்ள போட்டுரு.'

போட்டாள். ஒரு நிமிஷம் பதில் வராவிட்டால், தானாக 'வேண்டாம்' என்று விழும். மறுத்தவர் என்று முதலாளியின் பெயர் பதிவாகும்.

பட்டாசு ஆலைக்குச் செய்தபோது அந்தத் துண்டை அப்படியே வெட்டி இங்கே ஒட்டினாள். கேள்வியை மாற்றினாள். பொத்தானின் நிறத்தை மாற்றினாள்.

அந்த ஒரு வரியை மாற்றவில்லை!

தள்ளுபடிக்கும் உயிருக்கும் ஒரே விதி.

ஜன்னலுக்கு வெளியே பருப்பு மண்டித் தெருவில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உலகம் எப்படி இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

*

மறுநாள். ஆலை வாசல்.

"போனப் பெட்டியில போடு தாயி," என்றார் சங்கிலிமுத்து. பழக்கம் விடவில்லை.

போட்டாள்.

சுவர் இடிந்த மருந்து அறைக்கு முன்னால் மணிகண்டராஜ் நின்றான். கூலிங் கிளாஸ். மாமா உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி இப்போது அவன் பக்கத்தில்.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா?"

"உங்க மாமா கோயிலுக்குள்ள போகும்போது போனை உன்கிட்டதானே கொடுத்தாரு?"

மணிகண்டராஜ் சுற்றிலும் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். காலிக் கை.

சிரித்தான்.

"இங்கன ஒரு வசதிக்கா. போன் கிடையாது. யாரும் எதையும் ரெக்கார்டு பண்ண முடியாது. மனசு விட்டுப் பேசலாம்." கண்ணாடியைக் கழற்றினான். "ஆமா. எங்கிட்டத்தான் இருந்துச்சு."

"கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு. எடது பக்கம் 'சரி'. வலது பக்கம் 'வேண்டாம்'. அழகாச் செஞ்சிருந்தீக. நான் ரெண்டையும் தொடல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன்."

"உள்ள முனியராஜ் இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியும். நான் தனியா ஒரு ஷெட்ல தடை செஞ்ச பட்டாசு ரகம் ஓட்டுறதை அவன் பாத்துட்டான். நாங்க கிளம்பும்போதே, கோயில்ல இருந்து மாமா வந்ததும் சொல்லிருவேன்னான்." தோளைக் குலுக்கினான். "நான் தீ வைக்கலக்கா. அதுவா வந்துச்சு. நான் குறுக்க நிக்கல, அம்புட்டுத்தான்."

"பேசாம இருந்தா 'வேண்டாம்'னு விழும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சித்தப்பா காலண்டர் பிரஸ்லயும் ஒங்க ஆப்தான? இதையும் அதுல இருந்துதான் வெட்டி ஒட்டியிருப்பீகன்னு நெனச்சேன். புதுசா எழுத ஒங்களுக்கு நேரம் ஏது?"

சுகிர்தாவை இத்தனை துல்லியமாக வாசித்த ஒரே வாசகன் ஒரு கொலைகாரன்!

"உங்க மாமா லாக்கப்புக்குள்ள இருக்காரு!"

"இருக்கட்டும். அதுவரைக்கும் ஆலையை யாராவது பாக்கணும்ல?" குரலைத் தாழ்த்தினான். "நீங்க வாயத் தொறந்தா மாமா வெளிய வருவாக. சரி. அப்ப உள்ள போறது யாரு? நான் ஒண்ணும் செய்யலையே... செஞ்சது யாரு? யோசிங்கக்கா."

யோசித்தாள்.

ஆனைக்குட்டத்தில் இருந்து சிவகாசி வரை, வெயில் உருக்கிய தார் ரோட்டில், வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. செய்யாத கொலைக்கு ஒரு கிழவர் கம்பி எண்ணுவார், அவ்வளவுதான்.

'யாரு ஊத விடலைன்னு மட்டும் சொல்லு.'

ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

*

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார். மணிகண்டராஜை வரவழைத்தார்.

"தம்பி, போன் உன் கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"கேள்வியைப் பாத்தியா?"

"கோயில் வாசல்ல பளீர்னு வெயிலு சார். ஸ்கிரீனே தெரியல."

"பொய்!" சுகிர்தா கத்தினாள். "என்கிட்ட ஒத்துக்கிட்டான் சார்! முனியராஜ் உள்ள இருந்தது தெரியும்னு சொன்னான்!"

"ரெக்கார்டு பண்ணீங்களா?"

"போன்... பெட்டியில இருந்துச்சு சார்."

"சாட்சி?"

"யாரும் இல்ல."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். உண்மையாகவே வருத்தப்படுகிற மாதிரிதான் இருந்தது.

"தம்பி விரலை அசைக்கல. ஒரு ஆளு வெயில்ல ஸ்கிரீனைப் பாக்கலைங்கறதை எந்தக் கோர்ட்டுல போயி நான் கொலைன்னு சொல்ல? ஏட்டு! அண்ணாச்சியைக் கூட்டிட்டு வாங்க."

வெள்ளைத்துரை வந்தார். ஒரே நாளில் சட்டை தொளதொளத்திருந்தது.

"நீங்க கிளம்பலாம் அண்ணாச்சி. 'வேண்டாம்'னு சொன்னது நீங்க இல்ல, தான் எழுதின வரின்னு இந்தப் பொண்ணு கைப்பட எழுதிக் கொடுத்திருச்சு."

கிழவரின் கண்கள் நிறைந்தன. இரண்டு கையும் கூப்பி சுகிர்தாவைக் கும்பிட்டார்.

"குலதெய்வம் மாதிரி வந்த தாயி! ஒன்னைய உசிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்!"

"அண்ணாச்சி... உங்க மருமகன்தான்..."

"அவன் சின்னப் பய தாயி. என் ரத்தம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "சார்... கோளாறான ஆப்பைக் கொடுத்து ஆளைக் கொன்னுட்டாங்கன்னு கம்ப்ளெயிண்டு நான்தான கொடுக்கணும்? எங்கன கையெழுத்து?"



மணிகண்டராஜ் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தான். மாமா போட்டார். காகிதம் பறக்காமல் மருமகன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒரே காரில் ஏறிப் போனார்கள். கார் வளைவில் திரும்பும்போது உள்ளே மருமகன் ஏதோ சொல்ல, கிழவர் தலையாட்டுவது தெரிந்தது.

வாசலில், வேப்பமர நிழலில், மாரித்தாய்.

எழுந்து வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருச்சா தாயி?"

"தெரிஞ்சிருச்சு அக்கா..."

"யாரு?"

சுகிர்தா வாயைத் திறந்தாள். ஒரு பெயர் சொன்னால் நிரூபிக்க முடியாது. இன்னொரு பெயர் சொன்னால் மாரித்தாயின் முகத்தைப் பார்க்க முடியாது.

பெண் கான்ஸ்டபிள் அவள் தோளில் கை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியன் வெள்ளைத்துரையின் போனை எடுத்து, செயலியைக் கடைசி வரைக்கும் தள்ளினார். மாரித்தாயின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என் சர்வீஸ்ல எம்புட்டோ கேஸ் பாத்துட்டேன் மாரித்தாயி. செஞ்சவன் அத்தனை பேரும் தடயத்தை அழிச்சிட்டு ஓடுவான். இந்தப் பொண்ணு ஒருத்திதான்... 'உருவாக்கியவர் சுகிர்தா'ன்னு பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டு, 'பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் தாருங்கள்'னு வேற கேட்டு வச்சிருக்கு!"