அப்புறம் வாம்மா

வீடு மாற்றுகிற வேலை இருக்கிறதே, அது மனிதரை அரை உயிராக்கிவிடும். சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் தையல்காரிக்கு இடுப்பு கழன்றுபோயிற்று. கடைசியாகத் தையல் மெஷின் இறங்கியது. அதைத் தெருப்பக்க அறையில், ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னாள்.

பழைய வீடு. தடித்த சுவர்கள், தாழ்ந்த நிலைப்படி. பட்டப்பகலிலும் உள்ளே விளக்கைப் போட்டால்தான் ஊசி கோர்க்க முடியும். எந்த மழையிலோ ஊறி, அதற்குப் பிறகு வந்த எந்த வெயிலிலும் காயாத ஒரு வாடை மூலைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் தெரு நல்ல தெரு. இருபக்கமும் வசதியான வீடுகள், அளவு கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொள்ளும் பெண்கள். அதை நம்பித்தான் வந்தார்கள். கணவன் பஸ் கண்டக்டர். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் இழுத்துக்கோ பறித்துக்கோ என்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் இரண்டாம் வகுப்பு.

சாமான் அடுக்கும்போதே எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டாள். மாடி பால்கனியில் நின்றபடி தெருவையே மேய்க்கிற பெண்மணி.

“தைப்பியா? நல்லதாப் போச்சும்மா. ஒரு நல்ல கை இல்லாம இந்தத் தெருவே தவிச்சுக்கிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை எங்க கார் ஷெட்டுல மீட்டிங். நீயும் வந்துடு. எல்லாரையும் பாத்த மாதிரி இருக்கும்.”

மீட்டிங்கில் பேசியது முழுக்கப் பிச்சைக்காரர்களைப் பற்றி. தெருமுனையில் கும்பல் சேர்ந்துவிட்டதாம். காசு வேண்டாம், சோறு போடலாம் என்றார் ஒருவர். சோறு போட்டால் இங்கேயே படுத்துக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். ஏதோ காப்பகத்துக்குப் போன் போட்டுப் பார்த்ததாகவும், மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை என்றும் மூன்றாமவர் சொன்னார். எதிர்வீட்டு அக்கா எழுந்தாள்.

“ஒருத்தர் போட்டா ஊரே வந்து நிக்கும். யாரும் எதுவும் குடுக்க வேணாம். மூணு தடவை விரட்டினா தானா வேற இடம் பாத்துப்பாங்க. சம்மதம்னா கையைத் தூக்குங்க.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. புதிதாக வந்தவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அத்தனை பேரும் நாளைக்குத் துணியோடு வர வேண்டியவர்கள். தையல்காரியும் தூக்கினாள்.

தூக்கிவிட்டாளே தவிர, விரட்டுகிற வாய் அவளுக்கு இல்லை. அது தொழில் பழக்கம். ‘இல்லை’, ‘ஆகலை’ என்று சொல்கிற தையல்காரியிடம் எவள் திரும்பி வருவாள்? கத்தரியே படாத துணிக்கும் “பட்டன் மட்டும்தான் பாக்கி, அப்புறம் வாங்க” என்றுதான் அவள் வாயில் வரும். கண்டக்டர் கேலி செய்வான். “எமன் வந்து நின்னாக்கூட அப்புறம் வாங்கன்னுதான் சொல்லுவே. அவனும் நம்பிட்டுப் போவான்.”

அந்தப் பிச்சைக்காரப் பெண் வந்தது ஒரு முற்பகலில். சின்ன வயது. இடுப்பில் கைக்குழந்தை, கிழிந்த துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ஒரு பிஞ்சுக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. புலம்பவில்லை, நீட்டி முழக்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாக மெஷினுக்கடியில் கிடந்த வெட்டுத் துண்டுகளைப் பார்த்தாள்.

“அம்மா, அந்தத் துண்டுத் துணி ஏதாச்சும் குடுங்கம்மா. புள்ளைக்குக் குளிருது.”

கேட்டது குப்பைக்குப் போகிற துணி. தையல்காரியின் கை நீண்டும்விட்டது. ஆனால் கண் எதிரே போயிற்று. பால்கனியில் எதிர்வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டே இங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் வாம்மா” என்றாள் தையல்காரி.

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. “சரிம்மா. பக்கத்துலயேதான் இருப்பேன்.”

அடுத்த வீட்டில் “போ, போ” என்று கத்தினார்கள். அவள் போய்விட்டாள். அதற்கடுத்த வீட்டில் நாயை அவிழ்ப்பதாகச் சொன்னார்கள். அங்கும் நிற்கவில்லை. மறுநாளும் நின்றது தையல்காரியின் ஜன்னலில்தான். அன்று அளவு கொடுக்க யாரோ வந்திருந்தார்கள். “அப்புறம் வாம்மா.” அதற்கு மறுநாளும் பால்கனியில் ஆள். “அப்புறம் வாம்மா.” ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, கடன்பட்டவள் போல நன்றியோடு போனாள்.

“ஏம்மா குடுக்கலை?” என்று மகள் கேட்டாள். “அந்தப் பாப்பா என்னைப் பாத்துச் சிரிச்சுதும்மா.”

“குடுக்கலாம்டி. அப்புறம் குடுக்கலாம்.”

பொய்யில்லை. பெரிய துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி அவள் தனியாக எடுத்தே வைத்திருந்தாள். தெருவில் யார் கண்ணும் இல்லாத ஒரு நேரம் வாய்க்கட்டும் என்றிருந்தாள்.

மழை முந்திக்கொண்டது. விடாத மழை, கூடவே எலும்புக்குள் இறங்குகிற காற்று. ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. மழை விட்ட பிறகு எதிர்வீட்டு அக்கா சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள்.

“விஷயம் தெரியுமா? காலி மனையில, அந்தக் குட்டிச்சுவர் ஓரமா தாயும் புள்ளையும் விறைச்சுக் கிடந்துச்சாம். வண்டி வந்து எடுத்துட்டுப் போச்சு. பாவம்தான், இல்லேங்கலை. ஆனா மத்தவங்க எல்லாம் மழைக்கு முன்னாடியே மார்க்கெட் பக்கம் போயிட்டாங்க. அங்க கூரை இருக்கு. இவ மட்டும் எதுக்கு இங்கேயே கெடந்தாளோ, யாருக்குத் தெரியும்.” கையை நீட்டினாள். “இந்தத் தடவை கையிடுக்குல கொஞ்சம் லூசா வைம்மா.”

தையல்காரி அளவு எடுத்தாள். எடுத்த அளவை மறந்து திரும்பவும் எடுத்தாள். யாருக்குத் தெரியும் என்றாளே அக்கா, இவளுக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் மேகம் கவிந்து, மூன்று மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் போலாயிற்று. கரண்ட்டும் போய்விட்டது. தையல்காரி காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டின் கொண்டி விலகுகிற சத்தம்.

நிமிர்ந்தாள். கேட் சாத்தியே இருந்தது. முதலில் வந்தது வாடைதான். ஈரத்துணி வாடை, அதற்குள் புளித்த பாலின் வாடை. ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. கம்பியில் மட்டும், மூச்சு பட்டாற்போல ஒரு பனிப்புகை படர்ந்து மறைந்தது.

“அம்மா... அப்புறம் வரச் சொன்னீங்களே.”

கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

குரலில் கோபம் இல்லை. அதே பணிவு, அதே பொறுமை. தையல்காரி மெஷினை விட்டு எழுந்தாள். ஓடிப் போய் மகளை இழுத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தாள், கரண்ட் வரும்வரை எழவில்லை.

அன்றே, எடுத்து வைத்த துண்டுகளையெல்லாம் ஒட்டுப்போட்டு, உள்ளே பழைய பனியனை வைத்து, கைக்குழந்தைக்குப் போதுமான ஒரு போர்வை தைத்தாள். எதிர்வீட்டு அக்கா பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டில் மாட்டினாள். விடிந்து பார்த்தால் போர்வையைக் காணோம். அப்பாடா என்று மூச்சு விட்டாள். காலம் கடந்த புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

பெருக்கும்போது அது மெஷினுக்கடியில் கிடந்தது.

நாலாக மடித்து, சொட்டச் சொட்ட. தொட்டால் விரல் விறைத்தது. பிழிந்தாள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, நின்றபாடில்லை.

“மழையில நனைஞ்சிருக்கும். நம்ம பொண்ணு எடுத்துட்டு வந்து போட்டிருப்பா” என்றான் கண்டக்டர், ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்.

“நான் இல்லப்பா” என்றாள் மகள். “அந்த அக்காதான் கொண்டாந்து வெச்சாங்க. பாப்பாவுக்கு இனிமே துணி பத்தாதாம்.”

“எந்த அக்கா?”

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து பெண்ணின் கை சில்லிடத் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் தட்டினார், நன்றாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு கம்பளி போர்த்தியும் பிள்ளை நடுங்கியது. துணியைக் கேட்டபோது கொடுக்கவில்லை, இப்போது என் பிள்ளையின் சூட்டைக் கேட்கிறாள். தையல்காரிக்கு அது புரிந்துபோயிற்று. புரிந்த நிமிஷத்தில் இரக்கமெல்லாம் பறந்து, பயம் மட்டும் மிஞ்சியது.

அடுத்த முறை குரல் ஜன்னலில் கேட்கவில்லை. நடைக்கதவுக்கு உள்ளே கேட்டது.

“அம்மா...”

வாடை அறையை அடைத்தது.

“கை ரெண்டும் ஓஞ்சு போச்சும்மா. புள்ளையை யாராச்சும் வாங்கிக்கிட்டாப் போதும்.”

தையல்காரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நாக்கு பழைய வழியிலேயே புரண்டது. ‘அப்பு...’ என்று வாய்வரை வந்ததைக் கடித்து விழுங்கினாள். வாழ்நாளில் சொல்லாத சொல்லைத் தொண்டை கிழியச் சொன்னாள்.

“இல்லை! இங்க ஒண்ணும் இல்லை! போ!”

வாடை இன்னும் நெருங்கி வந்தது.

பிறகு, மிக அருகில், வருத்தப்படுகிற குரலில் அது கிசுகிசுத்தது.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நானும் மார்க்கெட்டுக்குப் போயிருப்பேனேம்மா.”

தையல்காரி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். விரட்டியவர்கள் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நாயை அவிழ்ப்பதாகச் சொன்னவர் வீட்டுக்கு எதுவும் போகவில்லை. நல்லவள் என்று பேர் வாங்க நினைத்தவள்தான் ஒரு தாயை மழையில் உட்கார்த்தி வைத்தாள். இதற்கு என்ன பரிகாரம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

வாடை மெல்லக் குறைந்தது. கேட்டின் கொண்டி விலகிற்று, மறுபடி விழுந்தது. போய்விட்டாள்.

தையல்காரி திரும்பினாள்.

மகள் பின்னால் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் முன்னே ஏந்தி நீட்டியபடி.

“என்னடி பண்றே? இங்க வா!” அள்ளி எடுத்து மார்போடு அணைத்தாள். ஆச்சரியமாக, பிள்ளையின் நடுக்கம் நின்றிருந்தது.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார்கள். கண்டக்டர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மனைவி இளைத்த இளைப்பைப் பார்த்தே வேறு வீடு பிடித்தான். ஊரின் மறுகோடியில், இரண்டாம் மாடி, அறை முழுக்க வெயில். அங்கே கொண்டி வைத்த கேட் கிடையாது. ஈர வாடையும் இல்லை. தையல்காரி இப்போது வருகிறவர்களிடம் “ஆகலை, முடியாது” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வாடிக்கை பாதியாகக் குறைந்தது. தெருவில் யாராவது கையேந்தினால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். கொடுத்துவிட்டு ஏறி வரும்போது நெஞ்சு லேசாகும் என்று பார்த்தாள். ஒரு நாளும் ஆகவில்லை.

மகள் மட்டும் தேறிவிட்டாள். கொஞ்சம் அமைதியாகிவிட்டாள், ஓடியாடுவதில்லை, அவ்வளவுதான். இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்தாள். வளர்கிற பிள்ளை, சரியாகிவிடும் என்றான் கண்டக்டர்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. சீருடைக்கு அளவெடுக்க, நல்ல காலை வெயிலில், மகளை ஜன்னல் முன்னால் நிறுத்தினாள் தையல்காரி. தோள் சரி. மார்பு சரி. டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டு இழுத்தாள்.

டேப் உடம்போடு படியவில்லை.

இடது பக்கத்தில், டேப்புக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம். திரும்ப இழுத்தாள். உள்ளே ஏதோ மெத்தென்று அமுங்கி, மெல்ல நெளிந்து கொடுத்தது.

அவள் விரல்கள் விறைத்தன.

மகள் குனிந்து தன் தோள் பக்கம் பார்த்தாள். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

“மெதுவாம்மா. இப்பதான் தூங்குச்சு.”